சொந்தச் செலவு

அலுவலகத்தில் அவருக்குப் பாதி சார் என்று பெயர். கேண்டீனில் டீ சொன்னால்கூட, "சாருக்குப் பாதி கிளாஸ்" என்று யாராவது கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து இழப்பீட்டுப் பிரிவு. விபத்தில் இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் ஓய்வு பெறும்வரை எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. வருடா வருடம் சம்பளம் என்ன ஏறியிருக்கும், எந்த வயதில் பதவி உயர்வு வந்திருக்கும் என்று கட்டம் கட்டமாக எழுதிக் கூட்டுவார். கடைசியில் சொந்தச் செலவு என்று ஒரு வரி. இருந்திருந்தால் தனக்கென்றும் செலவழித்திருப்பாரே, அதைக் கழிக்க வேண்டும். கல்யாணமானவருக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆகாதவருக்குச் சரிபாதி. அந்த வரியில் அவர் பேனா தயங்கியதே இல்லை.

ஒருமுறை ஓர் அம்மாள் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள். "எம்பையன் தனக்குன்னு ஒரு சட்டைகூட எடுக்கமாட்டான் சார். பாதியை எதுக்குக் கழிக்கிறீங்க?"

"எல்லா அம்மாவும் இதத்தாம்மா சொல்றாங்க" என்றார், குரலை உயர்த்தாமல்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி அவருடைய ஒரே மகள் இறந்துபோனாள். இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துதரும் கூடத்தில் வேலை பார்த்தாள். அவருடைய பல்செட்டும் அவள் கைவேலைதான். "நல்லா சிரிங்கப்பா, எனக்கு விளம்பரம்" என்பாள். அவள் போனபின் சாப்பிடும்போது மட்டும் அதை மாட்டிக்கொண்டார்.

லாரிக்குக் காப்பீடு செய்திருந்தது அவருடைய பழைய கம்பெனி. அவர் நாற்காலிக்கு வந்திருந்த பெண் அதிகாரி, கணக்கை வீட்டுக்கே எடுத்துவந்தாள்.

"நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சார். உங்க கண்ணு படாம அனுப்ப மனசு வரல."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து படித்தார். முப்பத்தைந்தாம் வயதில் மகள் மேற்பார்வையாளர் ஆனாள். நாற்பத்திரண்டில் அவள் சம்பளம், அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தாண்டியது. அந்த இடத்தில் விரலை வைத்தபடி கொஞ்சநேரம் இருந்தார். ஐம்பதைக் கடந்தபோது அவளுக்கு நரைத்திருந்தது. அறுபதுக்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே, சொந்தச் செலவு: பாதி.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"பாதியா?" என்றாள், பின்னால் நின்று எட்டிப் பார்த்த மனைவி. "அவ தனக்குன்னு என்ன செலவு பண்ணா? வீட்டு வாடகை, என் கண் ஆபரேஷன், உங்க பல்லு. கைப்பை வாரு அறுந்து எத்தனை தடவை தச்சுக் குடுத்திருக்கேன்."

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். மூணுல ஒண்ணு கழிச்சாப் போதும்னு மேல பேசிப் பாக்குறேன். அம்மா மருந்துச் செலவுக்காவது ஆகும்."

"நிச்சயம் ஆகலையேம்மா."

"ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டீங்க" என்றாள் மனைவி. "பெத்த பொண்ணுக்காக ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சிடுவீங்க?"

அவர் அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டார்.

"பொய்யிங்கறதுக்காக வேணாம்னு சொல்லல. இதுல அவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரு வரிதான். மத்ததெல்லாம் நமக்கு. இதுலயும் கை வைக்கணுமா? பாதியை அவளே செலவு பண்ணதா இருக்கட்டும்."

அவர் கையெழுத்துப் போட்டார். அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனாள்.

வெகுநேரம் கழித்து மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புதுக் கைப்பை வாங்கியிருப்பா, இல்ல?"

"வாங்கியிருப்பா."

"பச்சை கலர்ல ஒண்ணு பாத்து வச்சிருந்தா. வெலையைக் கேட்டுட்டு வந்துட்டா."

"அதையே வாங்கியிருப்பா" என்றார். "வேற?"

மனைவி யோசித்தாள். மகள் ஆசைப்பட்டதாக வேறெதுவும் அவளுக்கு நினைவு வரவில்லை.