பஞ்சநாதன் பெயரில் அடித்தவன்

பாலகுரு அடித்தால் பந்து தரையில் பட்டு ஆள் உயரத்துக்கு எழும்பும். எதிரணிக்காரன் கையை நீட்டுவானே தவிர, மனசார நீட்டமாட்டான். தேங்காய்த்திட்டு மீனவக் குப்பத்தில் வலை இழுத்து ஏறிய தோள் அது. அவன் அடிப்பதற்குத் தோதாகப் பந்தை மேலே தூக்கிக் கொடுத்த தணிகாசலம் நான். ஏழு வருஷம் எனக்கு அதுதான் வேலை.

1955இல் எங்கள் பஞ்சாலை முதலாளிக்கு வாலிபால் அணி வைக்கும் ஆசை வந்தது. பிரெஞ்சுக்காரன் போன கையோடு ஆலையில் புது ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். பாலகுருவின் பெரியப்பா மகன் பஞ்சநாதன் எங்கள் தறிக்கூடத்தில் இருந்தவன். யாரிடமும் சொல்லாமல் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான். பதிவேட்டில் பெயர் மட்டும் அப்படியே கிடந்தது. எழுத்தர் கலியமூர்த்தி அந்தப் பெயரில் பாலகுருவைச் சேர்த்தார்.

“பந்து அடிக்கிறவனுக்கு எந்தப் பேரா இருந்தா இன்னாப்பா” என்றார். இவன்தான் அவன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

தறிப்பக்கம் அவன் போனதே இல்லை. காலையில் கையெழுத்து, மாலையில் மைதானம். விழுப்புரம், கடலூர், காரைக்கால் என்று போன இடமெல்லாம் சிறந்த ஆட்டக்காரன் கோப்பை அவனுக்குத்தான். எல்லாவற்றிலும் பஞ்சநாதன் என்று பொறித்திருந்தார்கள். அவன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, பாலகுரு என்பது யார் என்று ஆலையில் பாதிப்பேர் கேட்டார்கள். சிரித்துத் தொலைத்தோம்.

1962 ஆகஸ்டில் உண்மையான பஞ்சநாதன் திரும்பி வந்தான். ஆலையில் கொடுத்த பழைய பித்தளை எண் வில்லையைக் காட்டி ஆலை வாசலில் வேலை கேட்டான். விஷயம் மேலே போவதற்குள் கலியமூர்த்தி பாலகுருவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வராதே என்றார். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணன் பேரு. அண்ணன் கேக்குது, குடுத்துட்றேன்” என்றான்.

கடலூர்ப் பக்கம் ஓர் ஆலை அவனைத் தன் அணிக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் ஆடியது பாலகுருதான் என்று கூட ஆடிய ஒருவர் எழுதித் தரவேண்டும் என்றது. காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தான்.

“ஒரு கையெழுத்து போடு தணிகா. வயசு முப்பதாவப் போவுது. இத உட்டா வேற எவனும் கூப்புட மாட்டான்.”

“அன்னிக்கிப் பொய்க் கையெழுத்து போட்டவனே நான்தானேடா. இதுல போட்டா என் வேலையும் போயிடும்.”

“சரி” என்றான். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான். திட்டியிருந்தால் தேவலை. அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். வெட்கம் நாலைந்து நாள் கழித்துத்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

டிசம்பரில் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். ஏலக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் படகை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் அவன் முதுகு தெரிந்தது. ஏழு வருஷம் மைதானத்தில் கூப்பிட்ட பழக்கம், “பஞ்சநாதா” என்று கூப்பிட்டுவிட்டேன்.

உடனே திரும்பினான்.

“இன்னா தணிகா, மீன் வாங்க வந்தியா?”

ஆமாம் என்றேன். அவனே குனிந்து நல்ல சங்கராவாகப் பொறுக்கி என் பையில் போட்டான்.