மாப்பிள்ளையின் அறுபத்திரண்டு சதவீதம்

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். போடியில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேற்குக் காற்று மட்டும் அடித்தது, கொடியில் காய்ந்த என் வேட்டிகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோகும் வேகத்தில். மலையின் மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. அந்த மேகத்துக்குள் ஏறுவதற்காக என் மாப்பிள்ளை தோட்டத்து ஜீப்பில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு தடவை தலையை வெளியே நீட்டினார்.

"மாமா, கேமை ஆஃப் பண்ண வேண்டாம். அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

"சரிங்க மாப்ளே" என்றேன்.

அவர் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மலையில் அவர் அப்பாவுக்கு நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம். காய் எடுப்புக்கு ஆள் குறைவு என்று சனிக்கிழமை வரை அங்கே இருக்கப் போனார். என் மகள் எங்களோடு தங்கினாள். மொத்தம் பத்து நாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இத்தனை நாள் வந்தது இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை கோபக்காரர் இல்லை. கோபித்துக்கொள்கிறவர். இரண்டும் வேறு. கோபக்காரர் கத்திவிட்டுச் சாப்பிட்டுவிடுவார். இவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார். முந்தின தீபாவளிக்கு நல்லி எலும்பு அவர் இலைக்குப் போகாமல் என் தம்பி இலையில் விழுந்துவிட்டது. அதற்கு ஏழு மாதம் பதினோரு நாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அந்த ஏழு மாதமும் என் மகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் எங்களோடு போனில் பேசினாள்.

இதெல்லாம் தெரிந்தும் பத்து மணி நாற்பதுக்கு நான் டிவிக்குக் கீழே இருந்த அந்த கேம் பெட்டியைத் தொட்டேன்.

காரணம், அதில் ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மின்கட்டணத்தில் நூறு யூனிட் வரை இலவசம். நாங்கள் இருவரும் தொண்ணூற்றாறில் நிறுத்துகிறவர்கள். ஆறு நாள் எரியும் விளக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று பார்க்கக் குனிந்தேன். கை பட்டது. டிவி தானாக உயிர் பெற்றது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாப்பிள்ளை ஆடியதைச் செய்தித்தாளுக்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்திருந்தேன். ஏதோ ஒரு துறைமுக நகரம். ஒரு போலீஸ் அதிகாரி மப்டியில் கடத்தல் கும்பலுக்குள் சேர்ந்திருக்கிறார். கும்பலுக்காக ஆளை அடிக்கிறார், பிறகு ஒளிந்து நின்று மேலதிகாரிக்குப் போன் செய்கிறார். போலீஸ் மதிப்பெண் தனி, கும்பல் மதிப்பெண் தனி. ஒருவன் இரண்டு இலாகாவில் வேலை பார்த்து ஒரு சம்பளம் வாங்குவது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஊர் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் கேட்பதில்லை. மூலையில் 62 சதவீதம் முடிந்தது என்று போட்டிருந்தது.

நான் முப்பத்துநான்கு வருடம் அரசாங்கப் புள்ளிவிவர ஆய்வாளர். ராசிங்காபுரத்தில் கோழி, பொட்டிபுரத்தில் கிணறு என்று எண்ணியே ஓய்வு பெற்றவன். அடுத்தவர் பதிவேட்டில் நான் கை வைத்ததில்லை. அதனால் மாப்பிள்ளையின் ஆட்டத்தைத் தொடாமல், எனக்கென்று தனியாகப் 'புதியது' என்பதை அழுத்தினேன். முந்தைய பதிவு அழியும், சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மூன்று தடவை படித்தேன். என் பணிக்காலத்தில் எந்த முந்தைய பதிவும் அழிந்து நான் பார்த்ததில்லை. எந்த அலமாரியிலாவது ஒரு நகல் இருக்கும். சம்மதம் என்றேன்.

மூலையில் 0 சதவீதம் என்று வந்தது. நகலுக்காக எல்லாப் பக்கமும் தேடினேன். அலமாரி கிடையாது.

மகள் ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"புதுசா ஒரு கோப்பு திறந்தேன்."

"ஐயோ அப்பா, நாலு மாசமா ஆடுறாரு. தெரிஞ்சா அன்னைக்கே என்னையும் கிளப்பிக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம் எத்தனை மாசமோ."

என் மனைவி அடுக்களையிலிருந்து, "கோழி எண்ணுன கைக்கு இதெல்லாம் எதுக்குங்கேன்?" என்றாள்.

வழி ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் நானே ஆடி, விட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. அறுபத்திரண்டை ஐந்தரை நாளால் வகுத்தால் நாளைக்குப் பதினொன்றேகால் சதவீதம். முடியாத கணக்கு இல்லை என்று உட்கார்ந்தேன்.

முதல் நாள் முடிவில் ஒன்றரை சதவீதம். நான் வண்டி ஓட்டிய விதம் அப்படி. சிவப்பு விளக்கில் நின்றேன், ஆட்கள் கடக்கும்வரை காத்திருந்தேன். அந்த நகரத்தில் வேறு யாரும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னை இடித்த கணக்கு நாற்பத்தொன்று. ஓர் இடத்தில் எதிராளியின் வண்டியை அவனுக்குத் தெரியாமல் பின்தொடர வேண்டும். போடிமெட்டு ஏறுகிற ஜீப்பு பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்கும். அடிக்காதவனை இந்த ஊரில் டிரைவர் என்றே சொல்ல மாட்டோம். நானும் ஒவ்வொரு முனையிலும் அடித்தேன். முன்னால் போனவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டான். ஒன்பது தடவை ஆடினேன், ஒன்பது தடவையும் அடித்தேன். கை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஏட்டையாவை அழைத்து வந்தேன். ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். நிஜமாகவே மப்டியில் இருந்தவர். முன்பு மலையில் பச்சைக்காய்த் திருட்டு அதிகமானபோது, காய் பறிக்கிற ஆட்களோடு ஆளாக அவரை ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டார்களாம்.

"எத்தனை நாள் இருந்தீங்க ஏட்டையா?"

"இருபத்திரண்டு நாளு சார். ஆனா மொத நாளே ஆளைக் கண்டுக்கிட்டாங்க."

"எப்படி?"

"லுங்கி கட்டியிருந்தேன், தாடி விட்டிருந்தேன், எல்லாம் சரிதான். டீக்கடைல டீயக் குடிச்சுட்டு, பழக்கதோசத்துல காசு குடுக்காம நடந்துட்டேன். மறுநா பொம்பளையாளுக பூராம், 'போலீசண்ணே, இந்தச் சாக்கை அங்குட்டு வைங்க, அந்தக் கூடையை இங்குட்டுக் கொண்டாங்க'ன்னு. இருபத்தோரு நாளும் சும்மாடு கட்டிச் சுமந்தேன்."

"திருடன்?"

"அவந்தேன் எனக்குச் சாக்கைத் தூக்கி விட்டவன். நல்ல பய."

அனுபவம் இப்படி இருந்தாலும் ஏட்டையாவுக்குக் கட்டைவிரல் பலம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். வண்டி ஓட்டுவதும் போனில் தகவல் சொல்வதும் நான்; அடிதடி அவர். பின்தொடரும்போது மட்டும், ஹாரனுக்குப் போகாதபடி என் பெருவிரலை அவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பத்தாவது முறை எதிராளி திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை வந்துவிட்டால் ஏட்டையாவுக்கு எதிராளி, வழிப்போக்கர், காய்கறிக் கடைக்காரர் என்ற பேதம் கிடையாது. குடை பிடித்துப் போன ஒரு கிழவரை அவர் தூக்கி மீன் தொட்டிக்குள் போட்டபோது போலீஸ் மதிப்பெண் சரசரவென்று இறங்கியது.

"ஏட்டையா, அவரு பொதுமக்கள்."

"குறுக்க வந்தா பொதுமக்கள் என்ன சார்? நீங்க முதல்ல அந்தச் சிக்னல்ல நிக்கிறதை விடுங்க. கும்பலுக்குள்ள இருக்கவன் சிவப்பு விளக்குல நின்னா அடுத்த நிமிசம் போலீசுன்னு தெரிஞ்சு போகும்."

"காசு குடுக்காமப் போனாத் தெரியலையா?"

அதற்கு அவர் ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு அரை மணி நேரம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அரை மணி நேரத்தில் நான் தனியாகச் சண்டை போட்டு ஆறு தடவை செத்தேன்.

மனைவி டீயும் வடையும் கொண்டுவந்து வைத்தபடி இருந்தாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள். வியாழக்கிழமை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "அந்த மொட்டைப்பய பின்னாடி வர்றான், வெரசா" என்று சொன்னது அவள்தான். மகள் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டு போவாள். புதன் பதினாறு, வியாழன் இருபத்தாறு, வெள்ளி முப்பத்தாறு.

சனிக்கிழமை மாலை நாலேகாலுக்கு ஜீப்புச் சத்தம் கேட்டபோது நாற்பத்துநான்கில் இருந்தோம். பாக்கிப் பதினெட்டு.

மாப்பிள்ளை சட்டை முழுக்க ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை வாசனையோடு வந்தார். கால் கழுவினார். டிவிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஏட்டையா எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததுதான் முதல் தப்பு.

"நாப்பத்துநாலு போட்டிருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"கரண்டு போயிருச்சு மாப்ளே. மேல மழை, இங்க விட்டு விட்டு..." என்று ஏட்டையா ஆரம்பித்தார். கேட்கிறவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியும்வரை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை.

"கரண்டு போனா எப்படிங்க பதினெட்டு மட்டும் குறையும்?"

மகள் அடுக்களை வாசலில் நின்றாள். அவள் விரல்கள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் தவறான கணக்குச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். சுழியத்துக்குப் போனது, திரும்ப ஆடியது, நாற்பத்தொன்பது மணி இருபது நிமிடம், செத்தது நூற்று முப்பத்தேழு தடவை, அதில் ஏட்டையாவின் பங்கு இருபத்தெட்டு.

மாப்பிள்ளை கேட்டு முடித்தார். "சரி மாமா" என்றார்.

எழுந்தார். பையைக் கட்டினார். மனைவி தட்டு வைத்தாள். பசி இல்லை என்றார். மகளைப் பார்த்து, "கிளம்பு" என்றார்.

"நான் பத்து நாளைக்கு வந்திருக்கேன். இன்னைக்கு எட்டு. திங்கக்கிழமை வரைக்கும் இருந்துட்டுத்தான் வருவேன்" என்றாள் மகள். முந்தானையைச் சுருட்டியபடிதான். ஆனால் சொன்னாள்.

மாப்பிள்ளை அதற்கும் ஒரு 'சரி' சொன்னார். பெட்டியைக் கழற்றித் தர நான் வயரைத் தேடினேன். "இருக்கட்டும். நீங்களே வச்சு ஆடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஏழரை மணி பஸ்சுக்குப் போய்விட்டார். மலையிலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்த நான்கு கிலோ ஏலக்காய்ப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையை மாமனாரே நேரில் போய்ச் சமாதானம் செய்ய வேண்டும். வேட்டி சட்டை, ஸ்வீட்டோடு போக வேண்டும். அவர் என்ன சொன்னாலும் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். மகளைத் தனியாக அனுப்பினால் சண்டை உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். எனவே செவ்வாய்க்கிழமை நானும் அவளோடு போவது என்று முடிவானது. ஞாயிறும் திங்களும் அவள் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பேசிப் பார்த்தாள். எங்களுக்குத் தெரியாமல் பேசுகிறாளாம். பதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை.

வேட்டி சட்டையை நம்பி நான் போகத் தயாராயில்லை. ஏட்டையாவை ஞாயிறு காலை ஏழு மணிக்கே கூப்பிட்டேன். இந்த முறை அவர் என்ன செய்தாலும் நான் கேட்கவில்லை. சிவப்பு விளக்கில் நான் நிற்கவும் இல்லை. பொதுமக்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டேன். என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். திங்கள் மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு 62 வந்தது. ஏட்டையா இன்னும் ஒரு சண்டை போடலாம் என்றார். ரிமோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

செவ்வாய் காலை முதல் பஸ்சு. பெட்டி என் மடியில். கோயம்புத்தூர் வீட்டில் மாப்பிள்ளை கதவைத் திறந்து, "வாங்க" என்று பொதுவாகச் சொன்னார். வேட்டி சட்டையை வாங்கி அப்படியே நாற்காலியில் வைத்தார். பெட்டியை மாட்டினார். திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாமா, எனக்கு அறுபத்துநாலு இருந்துச்சு."

அறுபத்திரண்டு. நான் இரண்டு நாள் அதை என் கண்ணால் பார்த்தவன். சட்டைப் பையில் இருந்த நோட்டில் தேதியோடு எழுதியும் வைத்திருந்தேன். கை பைக்குப் போனது. மகள் என்னைப் பார்த்தாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"ஆமா மாப்ளே. அறுபத்துநாலுதான்" என்றேன்.

பிறகு கீழே உட்கார்ந்து பாக்கி இரண்டை நானே ஆடினேன். ஏட்டையா இல்லாத சண்டை. மாப்பிள்ளை முதலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை நான் செத்தபோது, "அமுக்கிட்டே இருக்கணும் மாமா" என்றார், என்னைப் பார்க்காமல். எட்டாவது தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினோராவது தடவை ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "இதென்ன, பட்டன் எல்லாம் லொடலொடங்குது?"

"ஏட்டையா" என்றேன்.

மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் அறுபத்துநான்கு ஆயிற்று. மாப்பிள்ளை எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, தோசை கேட்டார். ஐந்து சாப்பிட்டார். மகள் அடுத்த தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு போடலாம் என்று அவர் காதில் விழும்படியே கேட்டாள். "பார்ப்போம்" என்றார். 'சரி' என்று சொல்லவில்லை.

பஸ்சு போக வர 660, ஆட்டோ 280, வேட்டி சட்டை 1,940, ஸ்வீட் 520, ஏட்டையாவின் டீக்கும் வடைக்கும் 364, மாப்பிள்ளைக்குப் புது ரிமோட்டு 4,990. ஆக மொத்தம் எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்துநான்கு ரூபாய்.