இடக்கையால் நடத்திய கச்சேரி

இதை நம்பாதவர்கள் விசுவமடுவில் இருக்கிறார்கள். அவர்கள் அன்று மண்டபத்துக்கு வராதவர்கள். வந்தவர்கள் இதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. நடந்தது பட்டப்பகலில். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தபோது.

தேனுகா உடையார்கட்டுப் பெண். சிறுமியாக இருந்தபோது ஷெல் துண்டு ஒன்று அவளுடைய இடது தோளைக் கிழித்துக்கொண்டு போனது. உயிர் தப்பியது, கை தப்பவில்லை. அன்றிலிருந்து இடக்கை வெறுமனே தொங்கும். விரல்கூட அசையாது. அந்தக் கையோடு கொழும்புக்குப் போய் மேற்கத்திய இசை படித்தாள். வாத்தியக் குழுவை நடத்தும் கொண்டக்டராகத் திரும்பி வந்தாள். "எந்த பஸ்ஸில பிள்ளை?" என்று ஊரில் கேட்டார்கள். அவளும் சிரித்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தாள். வயலின்கள், புல்லாங்குழல்கள், வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற ஒரு செலோ. அவ்வளவுதான் குழு.

குழுவை நடத்துகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும். வலக்கை தாளத்தைக் காட்டும். மற்றதெல்லாம் இடக்கையின் வேலை. யார் தொடங்குவது, எங்கே அடங்குவது, எங்கே ஓங்குவது, எங்கே நிறுத்துவது என்று அதுதான் சொல்லும். தேனுகா இதையெல்லாம் முகத்தால் செய்தாள். புருவம் உயர்ந்தால் வயலின்கள் எழும்பும். கண் பாதி மூடினால் சத்தம் தணியும். அதனால் பிள்ளைகளிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "என்ர முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதேங்கோ."

கச்சேரிக்கு முதல் நாள் ஒத்திகை. செலோ வாசிக்கும் ராஜினி, தேனுகா சைகை காட்ட மறந்த ஓர் இடத்தில் மிகச் சரியாகச் சேர்ந்துகொண்டாள்.

"எப்பிடித் தெரிஞ்சுது?"

"நீங்கள்தானே ரீச்சர் கையைக் காட்டினனீங்கள்."

வலக்கையைச் சொல்கிறாள் என்று தேனுகா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் விசுவமடு மண்டபத்தில் கச்சேரி. யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெயில் மேடை வரைக்கும் வந்து விழுந்தது. முன்வரிசையில் கிளிநொச்சியிலிருந்து வந்த அம்மாக்கள். காணாமல் போன பிள்ளைகளையும் கணவன்மாரையும் கேட்டு, வீதியோரக் கொட்டகையில் படங்களோடு ஆண்டுக்கணக்காக இருக்கிறவர்கள். தேனுகாதான் அவர்களை அழைத்திருந்தாள். வணங்கிவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி மரப்பெட்டியில் ஏறி நின்றாள்.

முதலாவது உருப்படி நன்றாகப் போனது. இரண்டாவது, அவளே எழுதிய மெதுவான இசை. புருவத்தை உயர்த்தினாள்.

வயலின்கள் தொடங்கின. ஆனால் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாக் கண்களும் அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றன. முதல் வயலின் தர்சன்... ராஜினி... கடைசி வரிசைப் புல்லாங்குழல்கள்... எல்லோரும்.

ஓங்க வேண்டிய இடம் வந்தது. அவள் கண்ணை அகல விரித்தாள். அவர்கள் அடங்கினார்கள். வில் நரம்பில் படுகிறதா என்றே தெரியாத மென்மை. அவள் ஒருநாளும் சொல்லிக் கொடுக்காத மென்மை.

வலக்கையை விரைவாக்கினாள். அவர்கள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய வலக்கைதான் அவர்களுக்குப் பின்னால் போனது.

மரப்பெட்டி கிரீச்சிட்டது. அவள் அசையவில்லை.

பெட்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது... இன்னோர் ஆள் ஏறினதுபோல.

இடது காதருகே மூச்சு. தாளத்துக்குச் சரியாக...

குனிந்து பார்த்தாள். இடக்கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அவள் நிறுத்தவில்லை. ஆனால் எல்லா வில்களும் ஒன்றாக நின்றன.

ஒருவரும் கைதட்டவில்லை.

திரை மூடியதும் தர்சன் எழுந்து வந்தான்.

"ரீச்சர், உங்கட கை சுகமாயிட்டுதே?"

"எந்தக் கை?"

"இடக்கை. முழுக்க அதாலதானே நடத்தினனீங்கள். முடிக்கேக்க சின்ன விரலில இருந்து ஒண்டொண்டா மடக்கினனீங்கள்."

மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். தேனுகா வலக்கையால் இடக்கையைத் தூக்கி, விட்டாள். அது பொத்தென்று விழுந்தது. ராஜினி செலோவைத் தரையில் கிடத்திவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ஞானேஸ்வரி மேடைக்கு ஏறி வந்தார். முன்வரிசை அம்மாக்களில் ஒருவர். அவருடைய கணவர் பரமேஸ்வரன், முந்தி விசுவமடுவில் சிறுவர்களுக்கு வாத்தியம் பழக்கிய மாஸ்டர். சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். தேனுகா அவரைக் கண்டதேயில்லை.

ஞானேஸ்வரி அந்த உயிரில்லாத கையை எடுத்து, விரல்களை விரித்துப் பார்த்தார்.

"கீழ இருந்து நானும் கண்டனான். அவர் இடக்கைக்காரர். சின்ன விரலில இருந்துதான் மடக்குவார். வேறை ஒருத்தரும் அப்பிடிச் செய்து நான் காணேல்லை."

"அம்மா, மாஸ்டர் எங்கையாவது இருப்பார்..."

"உயிரோட இருக்கிறவை இப்பிடி வரமாட்டினம், பிள்ளை."

அவர் அழவில்லை. அடுத்த நாள் கொட்டகைக்குப் போய்க் கணவரின் படத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். நெற்றியில் பொட்டும் இல்லையாம்.

இரண்டாவது கச்சேரி நெடுங்கேணியில் நடப்பதாக இருந்தது. அறிவித்தல் ஒட்டிய கிழமையே சிவலட்சுமி என்ற அம்மா கொட்டகையிலிருந்து பஸ் பிடித்துத் தேனுகாவின் வீட்டுக்கு வந்தார். மகனைத் தேடுகிறவர். தேத்தண்ணி வேண்டாம் என்றார். கதிரையிலும் இருக்கவில்லை.

"கச்சேரி வைக்காதேங்கோ பிள்ளை. என்ர மகனும் மாஸ்டரிட்டத்தான் வயலின் பழகினவன். அவன்ர கையை நான் அங்க பார்க்கக் கூடாது."

தேனுகா கச்சேரியை நிறுத்தினாள். அதைச் சொன்னபோது பிள்ளைகள் ஏனென்று கேட்கவில்லை. ராஜினி மட்டும் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள்.

"நல்லது ரீச்சர். அண்டைக்கு நான் எல்லாம் சொல்லேல்லை."

"என்னத்தை?"

"அந்தக் கைக்குப் பின்னால இன்னும் கனபேர் நிண்டவை. எல்லாம் சின்னப் பிள்ளையள். வயலினைத் தோளில வைச்சு, வில்லைத் தூக்கிப் பிடிச்சபடி... அந்தக் கை எப்ப தங்களைக் காட்டும் எண்டு பார்த்துக்கொண்டு."