கப்புச் சட்டை

இஞ்சியை நசுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் மூக்குக்குள் ஏறுமே ஒரு காரம், அந்தக் காரம் எங்கே அடித்தாலும் இன்றும் என் கண்கள் முதலில் பக்கத்தில் இருப்பவர்களின் விரல்களைத்தான் தேடும். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டினால் ஒரு சந்து வரும். அதற்குள் நாலு மேசை போட்ட சின்னக் கடையொன்றில் என் அம்மா வேலை பார்த்தாள். மலையைச் சுற்றவும் கண்ணை மூடி உட்காரவும் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கே இஞ்சி டீயும் எலுமிச்சை டீயும் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் எவர்சில்வர் டம்ளர். அந்தக் கடையிலோ பிடித்துக்கொள்ளக் காது வைத்த, தடிமனான பீங்கான் கப்புகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரம்மா "மக்" வேண்டும் என்று கேட்க, குளிக்கிற "மக்கு" இவருக்கு எதற்கு என்று குழம்பிய அம்மா பின்பக்கத்துக் குளியலறையைக் கைகாட்டினாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவும் அம்மாவும் நானும் சிரித்த காலம் உண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்த வருடம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

பள்ளி விட்டதும் நான் அந்தக் கடைக்குப் போய்விடுவேன். ஆட்டோ ஓட்டிய அப்பா வந்து எங்களை அழைத்துக்கொண்டு போகும்வரை அடுப்பங்கரை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்படி ஒரு மாலை அம்மா கைக்கு ஒன்றாக இரண்டு கப் எடுத்துக்கொண்டு போனாள். கப்பின் காதுக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்தால் விரல் மூட்டுகள் கப்பின் உடம்பில் போய் ஒட்டும். சூடு உறைத்ததும் யாராக இருந்தாலும் அனிச்சையாக விரலை விலக்கிக்கொள்வார்கள். மேசையில் இருந்தவர் சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணும்வரை அம்மா அப்படியே, எந்த அவசரமும் இல்லாமல் நின்றாள். திரும்பி வந்தபோது வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மூட்டுக்கு மேலே வெளுத்துப் போயிருந்தன. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கொப்புளங்கள். சுடவில்லையா என்று கேட்டேன். அம்மா தன் கையைத் தூக்கி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த வாரமும் கொப்புளம் வந்தது, அதே இரண்டு விரல்களில். ஒருநாள் அவள் தூங்கும்போது பென்சில் முனையால் அந்தச் சுண்டு விரலை மெல்ல அழுத்திப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் பலமாக அழுத்தினேன். அவள் அசையவில்லை. முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய தேமல் அப்போதுதான் என் கண்ணில் உறுத்தியது. அது வெகுநாளாக இருந்தது. அரிக்காது, வலிக்காது, பவுடர் போட்டாலும் போகாது.

நான் தினமும் பஸ் ஏறும் இடத்தில் ஒரு சுவர் இருந்தது. அதில் நீல எழுத்தில், உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி என்று சுகாதாரத் துறைக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதை நூறு தடவையாவது படித்திருப்பேன், நெஞ்சில் ஏறியதில்லை. மறுநாள் காலை அந்தச் சுவர் முன்னால் நின்று அதை மறுபடியும் படித்தேன். பஸ் வந்தும் ஏறவில்லை. கிரிவலப் பாதையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் விரல்கள் தேய்ந்துபோன சிலரை அப்பாவின் ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் அந்த நோயின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், "பெரிய வியாதி" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அன்றிலிருந்து அம்மா அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. கணக்குப் பாடத்தின் நடுவில், சாப்பிடும்போது, பல் துலக்கும்போதெல்லாம் அந்தத் தோற்றம் வரும்.

அவளிடம் ஒருநாள் சுவரில் படித்ததைச் சொன்னேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"கண்ட சுவத்துல இருக்கறதயெல்லாம் படிச்சிட்டு வந்து பேசாத. இது வெறும் தேமல். அப்பாகிட்ட நீ சொன்னேன்னு தெரிஞ்சா உன்கூட பேசவே மாட்டேன்."

அம்மா அப்படி என்னிடம் பேசியதே இல்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தக் கையின் கனம் எனக்கு நினைவிருக்கிறது.

சொல்லக் கூடாது, ஆனால் தினமும் அந்த விரல்கள் வேகின்றன. இதற்கு நடுவில் ஒரு குழந்தையால் என்ன செய்ய முடியும்? கப்புக்குச் சட்டை தைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் என் பழைய பள்ளிக்கூடச் "சாக்ஸ்" ஒன்றைப் பாதம் போக வெட்டி, குழாய்போல ஆக்கி, கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த விளிம்பு உடைந்த கப் ஒன்றில் மாட்டிப் பார்த்தேன். காது இடித்தது. காது வருகிற இடத்தில் சாக்ஸைக் கிழித்துவிட்டேன். உறை அழகாக உட்கார்ந்தது. ஆனால் காதுக்குப் பின்னால், விரல் மூட்டு போய் ஒட்டுகிற அந்த ஒரு பட்டை இடம் மட்டும் மொட்டையாக நின்றது. அம்மாவின் விரல்கள் வெந்ததே அங்கேதான். கப் முழுவதையும் மூடி, மூட வேண்டிய இடத்தை விட்டுவிட்டிருந்தேன்.

ஆகவே குழாய் வடிவம் சரிப்படாது, பட்டையாக வெட்டி, காதுக்கும் கப்புக்கும் நடுவில் நுழைத்துச் சுற்றிக்கொண்டு வந்து எதிர்ப்பக்கத்தில் மூட வேண்டும் என்று புரிந்தது. போர்வைத் துண்டை இரண்டாக மடித்துத் தைத்தேன்; கனத்தில் காதின் சந்து அடைத்துக்கொண்டு விரல் நுழையவில்லை. மெல்லிய துணியில் தைத்தேன். டீ சிந்தி நனைந்ததும் துணி சூட்டை இழுத்து வைத்துக்கொண்டு முன்பைவிட ஜாஸ்தியாகச் சுட்டது. கடைசியில் கைகொடுத்தது யோகாசனம் செய்ய விரிக்கிற பாய். ஊருக்குத் திரும்புகிறவர்கள் அறையிலேயே விட்டுவிட்டுப் போகும் அந்த ஸ்பாஞ்சு மாதிரியான பாய்கள் எங்கள் பக்கத்துக் குப்பையில் சாதாரணமாகக் கிடைக்கும். அது தண்ணீர் குடிக்காது. பட்டையாக வெட்டி, காதுக்குப் பின்னால் வருகிற இடத்தை மட்டும் பிளேடால் சீவிப் பாதிக் கனமாக்கி, என் பழைய ஷூவிலிருந்து பிரித்த வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை ஓரத்தில் தைத்தேன். கப் கீழே குறுகலாக இருந்ததால் சட்டை நழுவியது. அடியில் குறுக்காக ஒரு நாடா கொடுத்ததும் நின்றது.

அம்மாவின் விரலால் இதைச் சோதிக்க முடியாது, ஆகவே என் விரலை வைத்தேன். வெறும் கப்பில் நாலு எண்ணுவதற்குள் கையை உதறினேன். சட்டை போட்ட கப்பில் அறுபதுவரை எண்ணிவிட்டு, நம்ப முடியாமல் இன்னொரு அறுபது எண்ணினேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கைக்கு ஒன்றாக இரண்டு தைத்துக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து அவள் எடுத்துப் போகிற கப்புகளுக்கெல்லாம் சட்டை இருந்தது. கொப்புளங்கள் நின்றுவிட்டன. குடிக்க வந்தவர்களுக்கு அது பிடித்துப்போய்ப் படம் எடுத்தார்கள். கடைக்காரர் மொத்தம் பன்னிரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி எல்லாக் கப்புக்கும் மாட்டினார். ஆறேழு மாதம் அப்படியே போயிற்று. அம்மாவின் கையில் புண் இல்லாததால் சுவரில் இருந்த எழுத்தும் பொய்யாகிவிட்டதுபோல ஒரு தைரியம் எனக்கு வந்தது. அப்போதே அவளுடைய சுண்டு விரல் லேசாக உள்பக்கம் வளைய ஆரம்பித்திருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. கப்பையும் சட்டையையும் வைத்து, வெப்பம் கடத்தாப் பொருள் என்று அட்டையில் எழுதி நின்றேன். மதிப்பெண் போட வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். சட்டையைக் கழற்றி, மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் பிரியமாகத்தான் கேட்டார்.

"நல்லா பண்ணியிருக்கம்மா. ஆனா சுட்டா எப்படியும் கையை எடுத்துடப் போறாங்க. இந்த எடத்துக்குப் போய் ஏன் இவ்ளோ கஷ்டப்பட்ட?"

எனக்குப் பதில் தெரியும். சுட்டால் கையை எடுக்காத ஒருவருக்காகத்தான் அது தைக்கப்பட்டது. அதை மனதுக்குள் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்த அந்தக் கணத்தில்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. அம்மாவின் விரல்களில் உணர்ச்சி இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவை அந்தக் கொப்புளங்கள் மட்டும்தான்; அவற்றின் வாயைக் கட்டியது நான். அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அடுத்த மேசைக்குப் போனார்.

மாலையில் அப்பா மட்டும் ஆட்டோவோடு பள்ளிக்கு வந்தார். பாதி வழியில், நிறுத்தச் சொன்னேன். வாந்தி வருகிறதா என்று திரும்பினார்.

"அம்மாவுக்குக் கையில சூடு தெரியல. ரொம்ப நாளா தெரியல. நான் சொல்லலப்பா."

அப்பா என்ஜினை அணைத்தார். தேமலைப் பற்றிக் கேட்டார், விரலைப் பற்றிக் கேட்டார், எத்தனை நாளாக என்று கேட்டார். நான் சொன்ன மாதங்களைக் கேட்டதும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரும் பயந்தார். பெரியவர்கள் பயப்படுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அம்மா வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் ஒரு இளம்பெண். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். உள்ளங்கையில் தொட்டபோது அம்மா சரியாகக் காட்டினாள். தேமலில் தொட்டார், சுண்டு விரலில் தொட்டார், மோதிர விரலில் தொட்டார். அம்மா கண்ணை மூடியபடி, டாக்டர் அடுத்து இன்னும் தொடவில்லையோ என்று காத்திருந்தாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் நோயின் பெயரைக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். ஒரு வருடம் மாத்திரை, இலவசமாகவே கொடுப்பார்கள், குணமாகிவிடும், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்குப் பரவாது, வீட்டை விட்டுத் தனியாக வைக்கத் தேவையில்லை என்றெல்லாம் நிதானமாக விளக்கினார். கடைசியாக வளைந்த விரலை நீவிவிட்டுக்கொண்டே, "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இந்த ரெண்டு விரலையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அவர் அம்மாவிடம்தான் சொன்னார். எனக்கு நேராக வந்து விழுந்தது.

மாத்திரையில் அம்மா கறுத்துப்போனாள். அவளே போய்க் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். மறைத்தது போதும் என்று அப்பாவிடம் சொன்னாளாம். கடைக்காரர் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கூப்பிடவே இல்லை. அந்த வாரம் நான் சந்து வழியாக வந்தபோது கடைக்குப் பின்னால் புகை எழுந்தது. பன்னிரண்டு சட்டைகளையும் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். பள்ளியில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று அந்த வருடம் முழுக்க நடுங்கினேன். பக்கத்தில் உட்காருகிறவள் தள்ளி உட்கார்ந்தால்கூடத் தெரிந்துவிட்டது என்றே நினைப்பேன். அதுவரை ஸ்டாண்டிலேயே டீ குடித்துவந்த அப்பா, அப்போதிலிருந்து ஒவ்வொரு வேளையும் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அம்மா கையால் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

வருடம் முடிந்து மாத்திரை நின்றது. தேமல் மறைந்தது. விரல்கள் இரண்டும் நிமிரவில்லை, உணர்ச்சியும் வரவில்லை. அம்மா இடது கைக்குப் பழகிக்கொண்டு, இட்லி மாவு அரைத்து விற்றாள், இன்றும் விற்கிறாள். நான் வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கடை இருந்த இடத்தில் மூன்று மாடி விடுதி வந்துவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது நீல எழுத்துச் சுவரும் போயிற்று. கப் கழுவ ஆள் வைக்க முடியாமல் இப்போது பல கடைகளில் காகிதக் கப்; அதைச் சுற்றி அட்டையில் ஒரு வளையம். காது இல்லாததால், அதைச் செய்தவருக்கு என்னைப்போலச் சிரமம் இருந்திருக்காது.

இதை எழுதி முடித்ததும், வெளியே கொடுக்கலாமா என்று அம்மாவைக் கேட்க வேண்டியிருந்தது. அவளை உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். மாவு ஒட்டிய கையைத் துடைக்காமலே கேட்டாள். குடுத்துக்கோ, ஆனா ஒண்ணு தப்பா இருக்குது என்றாள்.

"உன் சட்டையாலதான் தெரியாம போச்சுன்னு எழுதியிருக்கற. எங்க பெரியப்பாவுக்கு அந்த வியாதி வந்து, ஊருக்கு வெளிய கொட்டா போட்டு வெச்சிருந்தாங்க. சோறு கொண்டுபோய் தூரத்துல வெச்சிட்டு வந்தவளே நான்தான். மொதல் தேமலு வந்தப்பவே எனக்குத் தெரியும். கொப்புளத்தை யாராவது பாத்துட்டா என்னையும் அப்படி வெச்சிடுவாங்கன்னு பயந்துகிட்டிருந்தேன். அந்த நேரத்துல நீ அதைத் தெச்சு எடுத்தாந்த. நல்லதாப் போச்சுன்னு போட்டுக்கிட்டேன்."

இத்தனை வருடத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ இப்படி நெனச்சிட்டிருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? நீயும்தான் சொல்லல."

பேனாவை எடுத்து, என்னைக் குற்றம் சொன்ன அந்த வரிகளை அடிக்கப் போனேன். அம்மா மாவுக் கையால் தாளைப் பிடித்துக்கொண்டாள். அடிக்க வேண்டாம், கீழே எழுது என்றாள். எழுதியிருக்கிறேன்.