வெர்னியரில் அளந்த பெஞ்சு

எங்கள் வீட்டில் பழுது பார்ப்பது என் வேலை. அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், எதிர் வீட்டு டேபிள் ஃபேன் என்று எது நின்றுபோனாலும் என்னிடம் வரும், ஓடிக்கொண்டே திரும்பிப் போகும். ஆனால் இதையெல்லாம் செய்ய எனக்கென்று ஓர் இடம் இல்லை. தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த, அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான கடலோர அணுபுரம் குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துத்தான் வேலை பார்ப்பேன். சாப்பிடும் நேரம் வந்தால் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். மறுநாள் ஒரு ஸ்க்ரூ குறையும். ஒரு நாள் என் கணவரின் தயிர் சாதத்தில், நான் ஒயர் பற்றவைத்தபோது சிந்திய ஈயத் துளி ஒன்று கிடந்தது.

அவர் ரசாயன ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கத்தவில்லை. அதை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கி வெச்சுட்டுச் சாப்பிடற சமாச்சாரம் இல்லம்மா,” என்றார்.

“அப்போ பின்பக்க பால்கனிய எனக்குக் குடுங்க. ஒரு ஒர்க் பெஞ்சு செஞ்சு போட்டுக்கறேன்.”

அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் துணி துவைப்பது அவர் பங்கு. வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். குளியலறை நெருக்கம்; மெஷினுக்குத் தோதாகக் குழாயும் இடமும் இருந்தது அந்தப் பால்கனியில்தான். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, நான் கேட்டதிலும் இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“தீபாவளி அன்னைக்குப் பெஞ்சு ஆடாம நின்னா பால்கனி உனக்கு. இல்லன்னா மெஷினுக்கு.”

“பேச்சு மாறக் கூடாது,” என்றேன். அப்போது சித்திரை மாதம். தீபாவளி எங்கேயோ இருந்தது.

இது விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கு அப்படி இல்லை. அலுவலகத்தில் நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். நான் வரைந்த வால்வுகளை வேறு யாரோ செய்தார்கள். வீட்டில் ஹால் டிவிக்கு, சமையலறை எல்லோருக்கும், படுக்கையறை இரண்டு பேருக்கும். ஒரு பொருளைப் பாதி பிரித்து வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது அப்படியே இருக்கிற ஒரு மூலை எனக்கு வேண்டும். அந்த மூலைக்காக நான் ஏங்கினேன்.

மரம் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போனேன். மரக்கடைக்காரர் என் கைப்பையையும் செருப்பையும் பார்த்தார்.

“இன்னாம்மா, கட்டிலா, ஊஞ்சலா?”

“பெஞ்சு. மேல வெச்சு வேலை செய்யறதுக்கு.”

“வூட்டுக்காரரு வர்லியா?”

“அவர் துணி துவைச்சுக்கிட்டு இருக்கார்.”

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பலகையைத் தட்டிக் காட்டி, “நல்லா காஞ்சு கீதும்மா. போட்டா போட்ட எடத்துல கம்முனு கெடக்கும்,” என்றார். பலகை உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது. பொய் சொன்னார் என்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

ஆணி வாங்கவில்லை, பித்தளை ஸ்க்ரூ வாங்கினேன். கடற்காற்று இரும்பை என்ன பாடுபடுத்தும் என்று எங்கள் குடியிருப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிள்களைப் பார்த்தாலே போதும். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்ற நினைப்பில் ஹாலில் பாயை விரித்து ஆரம்பித்தேன்.

முதல் தப்பு உயரம். ஏதோ ஒரு கையேட்டில் இருந்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதை எழுதியவர் நல்ல வளர்த்தியான ஆளாக இருந்திருக்க வேண்டும். கால்களைப் பூட்டி, ஒரு பலகையைச் சும்மா மேலே வைத்துப் பக்கத்தில் நின்றால், ரேஷன் கடைக் கவுண்டர் முன்னால் நிற்பதுபோல் பலகை என் நெஞ்சுக்கு வந்தது. கால்களை வெட்டினேன். ஹாலில் வைத்துப் பார்த்தேன், அசையாமல் நின்றது. பால்கனிக்குக் கொண்டுபோனால் ஆடியது. ஒரு காலில் கொஞ்சம் சீவினேன், மறுபக்கம் ஆடியது. அந்தக் காலையும் சீவினேன். கணவர் ஈரத்துணி வாளியோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ரெண்டு தடவை வெட்டினா மணையாயிடும். கீழ உக்காந்து சாப்பிடலாம்,” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ரம்பத்தை வைத்துவிட்டு அவர் வாளியிலிருந்து ஒரு குவளை தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினேன். அது நேராக ஓடிப்போய் மூலையிலிருந்த துவாரத்தில் இறங்கியது. தண்ணீர் நிற்காமல் போக, கொத்தனார் தரையை வாட்டமாகப் போட்டிருக்கிறார். தினமும் கழுவுகிற தரை, அது இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை. பழுது பெஞ்சில் இல்லை, தரையில். இனி ஒரு சிராய்கூட வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பள்ளத்தில் நின்ற இரண்டு கால்களுக்கும் ரப்பர் துண்டு வெட்டி ஒட்டினேன். ரப்பர் அவருடைய செருப்பிலிருந்து வந்தது. மணை என்று சொன்னதற்கு அது சரியாகப்போயிற்று.

அடுத்தது மேல்பலகை. என் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது. பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, சுற்றிலும் நான்கு பக்கமும் ஒரு சட்டம் போட்டு அடைத்தேன். அளந்தது டேப்பில் இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் காட்டிக்கொடுக்கும் வெர்னியரில். மரத்தை வெர்னியரால் அளக்கும் ஆட்கள் எங்கள் குடியிருப்பைத் தவிர வேறு எங்கும் இருக்க மாட்டார்கள். முடிந்ததும் கணவரைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, எந்த இடுக்கிலாவது நுழைத்துக் காட்டுங்கள் என்றேன். நாலைந்து இடத்தில் முயன்று பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோடை முழுக்க நான் ராணிபோல் இருந்தேன். ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. ஒரு சாயங்காலம் அலுவலக பஸ்ஸிலிருந்து இறங்கி, நனைந்த குடையோடு நேராகப் பால்கனிக்குப் போனேன். மேல்பலகை நடுவில் அப்பளம்போல் உப்பி எழுந்திருந்தது. சட்டத்தின் ஒரு மூலை பிளந்து, பித்தளை ஸ்க்ரூ பாதி வெளியே வந்து நின்றது. தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை.

கணவர் வந்து பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். வால்வு வரையும்போது, சூட்டில் உலோகம் பெருக இடம் விடாமல் நான் ஒரு கோடு போட்டதில்லை. அதே நான், மழையில் மரம் பெருக ஒரு மயிரிழைகூட விடவில்லை. செங்கல்பட்டில் காய்ந்திருந்த மரம் கடலோரத்தில் ஈரத்தைக் குடித்தது. போக இடமில்லாமல் சட்டத்தை உடைத்துக்கொண்டு எழுந்தது. எவ்வளவு துல்லியமாக அடைத்தேனோ, அவ்வளவு பலமாக உடைந்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் கிடைத்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும். மறுநாளே லீவு போட்டுவிட்டு, அந்த அழகான சட்டத்தை அறுத்து எடுத்தேன்.

அன்று பார்த்துத்தான், தீபாவளித் தள்ளுபடியில் அவர் சொல்லிவைத்திருந்த வாஷிங் மெஷின் வந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். பால்கனியில் பலகைகள் தனித்தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தன. நடுவில் நான் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“எங்க சார் வெக்கணும்? தண்ணி பைப்பு அங்க கீது,” என்றார் ஒருவர்.

கணவர் என்னைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார். அன்றே அந்த மூலையை எடுத்துக்கொண்டிருந்தாலும் என்னால் மறுத்துப் பேசியிருக்க முடியாது.

“ஹால்லயே வைங்க. இன்னும் தீபாவளி வரல,” என்றார்.

தீபாவளிக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் அவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

பலகைகளை மறுபடி இழைத்துப் போட்டேன். இந்த முறை சட்டம் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி, அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டேன். வெர்னியரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த கணவர், பெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறியே நின்றுவிட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பெஞ்சு அசையவில்லை.

“பால்கனி உனக்கு,” என்றார் மேலிருந்தபடியே. மெஷின் குளியலறைக்குப் போனது. அதன் முதல் பழுதைப் பெஞ்சில் வைத்துத்தான் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். சாவி வாங்கிய அன்று கட்டடத்து மேஸ்திரி எங்களுக்கு முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன பால்கனி. “இது வாஷிங் மெஷினுக்குன்னே வுட்ட எடம் மேடம். பைப்பு, பிளக்கு எல்லாம் கீது,” என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேறு பால்கனி கிடையாது. ஒரு வீட்டில் போட்ட ஒப்பந்தம் அடுத்த வீட்டில் செல்லும் என்று யார் சொன்னது? இத்தனை வருடம் அவர் குளியலறையில் இடித்துக்கொண்டே துவைத்தவர். இந்தத் தடவை விட்டுக்கொடுத்துவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

“கீழ பாரு,” என்றார் கணவர்.

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் என் பெஞ்சின் அளவுக்கு ஒரு நீள்சதுரம் போட்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய ஈரத்தடம் ஒன்று மூலைத் துவாரம்வரை போயிருந்தது. முந்தின நாள் ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் தனியாக இங்கே வந்தது இதற்காகத்தான். இன்றும், நான் கீழே சாவிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மேலே வந்து ஒரு குவளை ஊற்றிச் சரிபார்த்திருக்கிறார்.

“வாட்டம் அந்தப் பக்கம். அந்த ரெண்டு காலுக்கு மட்டும் செருப்பு வேணும்,” என்றார். “செவுத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவுல ஒரு ரூபா கனம் விட்டிருக்கேன். சரியான்னு பாத்துக்கோ.”

மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையில் துழாவி ஒரு ரூபாயை எடுத்து, குனிந்து, கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது.