சேற்றில் நின்ற கர்னல்

வியாழக்கிழமை காலை ஆறு இருபது. கிள்ளான் டயாலிசிஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் மனைவி வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலி. போர்வை மடித்தபடியே இருந்தது. அங்கே வரும் பெண்மணியை இரண்டு வாரமாகக் காணோம். சிகிச்சை போதும் என்று நிறுத்திக்கொண்டாராம்.

"அவ கெட்டிக்காரி," என்றாள் மனைவி. காரில் வரும்போதே சொல்லியிருந்தாள்: "சனிக்கிழமை நான் வரல. கட்டாயப்படுத்தாதீங்க." நிறுத்தினால் எத்தனை நாள் என்பது இருவருக்கும் தெரியும். டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அவளுடைய இடது கையில் இரண்டு ஊசிகள். நான்கு மணி நேரம் அந்தக் கை அசையக் கூடாது. நான் எழுந்து வாசல்வரை போனேன்; கார் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்; வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்ததும் அவளுக்கு எரிச்சல்.

"ஒரு இடத்துல உட்காருங்களேன். ஏதாவது படம் போடுங்க."

டேப்லட்டில் இருந்தவை என் படங்கள்: பிரிட்டிஷ்காரர்களின் பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைகள். பிரிக்ஃபீல்ட்ஸில் பத்திரிகை வேலையில் இருந்தபோது டிஸ்க்கில் வாங்கிச் சேர்த்தவை. அவள் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவற்றின் சுவையே வசனத்தில்தான், கூரை இடிந்து விழும்போதும் உயராத அந்தக் குரலில்தான் என்று நான் நினைத்திருந்தேன். கைக்கு வந்த ஒன்றை ஓடவிட்டு இயந்திரத்தின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது நிமிடத்தில், மீசை வைத்த கர்னல் ஒருவர் ஆற்றுச் சேற்றில் இடுப்புவரை புதைகிறார். கரையில் ஒரு பெண் நடந்துபோகிறாள். அவர் உதவி கேட்கவில்லை. தொப்பியைத் தூக்கி, இன்று வெயில் இதமாக இருக்கிறது என்கிறார். இன்னும் நான்கு அங்குலம் இறங்குகிறார்.

இயந்திரம் அலறியது. பதறி எழுந்தேன். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள், தோளோடு கையும் குலுங்கியது.

தாதி ஓடி வந்தார். "ஆன்டி, கைய ஆட்டாதீங்க லா! ஊசி நழுவிடும்."

"நானா ஆட்டறேன்? அந்தத் துரையப் போய்க் கேளு."

"இது வேணாம் அங்கிள். டிவியில சீரியல் போடுறேன். அழுதா கை ஆடாது."

"அழறதுக்கு வீட்டுலயே ஒருத்தர் இருக்கார்," என்று என்னைக் காட்டினாள் மனைவி.

தாதி குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். நிறுத்தி வைத்த திரையில் கர்னல் அப்படியே நின்றார். அவரைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"ஜெஞ்சாரோம் பக்கம் எஸ்டேட்ல, துரை காரு வந்தா எங்கப்பா சைக்கிள விட்டு இறங்கி நிக்கணும். ஒரு நாளு இடமில்லாம, சைக்கிளோட காவாய்ல இறங்கிட்டாரு. இடுப்பளவு தண்ணி. அங்கேர்ந்தே சலாம் வச்சாரு. துரை திரும்பிக்கூடப் பாக்கல."

கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை.

"போடுங்க. முழுசா முங்குறானான்னு பாக்கணும்."

மீதிப் படத்தை, வலது கையால் இடது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்துச் சிரித்தாள். வசனம் பாதி அவளுக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை.

வீடு திரும்பும்போது சனிக்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று முறை அந்தக் கேள்வி என் வாய்வரை வந்து நின்றது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அறிய, ஊசி குத்துமுன் நிலையத்தில் எடை பார்ப்பார்கள். சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எடை இயந்திரத்தில் ஏறினாள். இரண்டு கிலோ நானூறு கிராம் கூடியிருந்தது.