பயிற்சி ரூபிக்கு அல்ல, எனக்கு

வளர்ப்புக் குடும்பத்தில் ஒரு பிள்ளையை ஒப்படைத்தால், அந்தக் குடும்பத்துக்கு ஆலோசனையும் ஆதரவும் தர வேண்டும் என்பது விதி. தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விதி எந்த அலமாரியில் தூங்கும் என்பதும் தெரியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு போட்டேன். நினைவூட்டினேன். பதில் இல்லை.

ரூபிக்கு எட்டு வயது. குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆம்பூரில் என் வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் கையைக் கடித்தாள். சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்தாள். கூப்பிட்டால் பதிலே வராது. கணவர் போனபின் நான் மட்டும் தனியாக இருந்த வீட்டில், இப்போது இரண்டு பேர் தனியாக இருந்தோம்.

"ஆண்டவரே, என்னால் முடியவில்லை. இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடவா?" என்று அழுதேன். அவருக்கும் தினம் நினைவூட்டினேன்.

சபையில் என் பக்கத்தில் உட்காரும் கஸ்தூரி, ஷூ கம்பெனியில் தைப்பவள். ஒரு ஞாயிறு, கடிபட்ட என் கையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா இது? வேலூர்ல ஒரு மேடம் கொழந்தைங்கள பாக்குறாங்க. இட்னு போங்க."

போனோம். அந்த ஆலோசகர் ரூபியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பயிற்சி உங்களுக்குத்தாம்மா. தினமும் அவ விளையாடும்போது கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க. கேள்வி, உத்தரவு, திருத்தம் மூணும் வேணாம். அவ செய்றத சொல்லுங்க. அவ பேசினா அதையே திருப்பிச் சொல்லுங்க."

கேள்வி, உத்தரவு, திருத்தம். என் சர்வீஸே அதுதான். "அப்புறம் பேச என்னங்க இருக்கு?" என்றேன்.

வீடு திரும்பியதும், கஸ்தூரி கொடுத்த தோல் துண்டுகளை ரூபி தரையில் பரப்பினாள். நான் ஆரம்பித்தேன்: "ரூபி சிவப்புத் துண்டை எடுத்து, மேற்படி துண்டைக் கறுப்புத் துண்டின் மேல் வைக்கிறாள்."

நிமிர்ந்தாள். "மேற்படின்னா இன்னா?"

வந்த நாளிலிருந்து 'இன்னா இல்லை, என்ன' என்று திருத்திக்கொண்டிருந்தேன். வாய் திறந்தாலே திருத்தம் என்றால் யார்தான் பேசுவார்கள்? நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேற்படின்னா இன்னா," என்றேன். அவள் சிரித்தாள்.

கடிப்பது உடனே நிற்கவில்லை. கூப்பிட்டால் பதிலும் வரவில்லை. தினமும் ஜெபித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலும் பேசாத பிள்ளை இருந்தால் முழங்காலிட்டு ஜெபியுங்கள். ஆண்டவர் பிள்ளையை விட்டுவிட்டு உங்களைத் திருத்தத் தொடங்கினால், மேல்முறையீடு செய்யாதீர்கள். நன்றியோடு சொல்கிறேன். ரூபி என்னோடுதான் இருக்கிறாள்.

அலுவலகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒருநாள் சமையலறையிலிருந்து வழக்கம்போல், "ரூபி," என்றேன்.

"இன்னாம்மா?"

பதில் வந்த நாள், பிள்ளைகள் ஓசன்னா பாடும் குருத்தோலை ஞாயிறு.